நாயின் இதயமும் உப்பின் கணக்கும்

சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் ஒரு சிறு சுரப்பி பழுதுபட்டால் இதயம் ஏன் தடுமாற வேண்டும்? இதற்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், கடுந்தளர்ச்சியும் நலிந்த நாடியுமாக இறந்த சில நோயாளிகளின் அட்ரீனல் சுரப்பிகள் சிதைந்திருந்ததை விவரித்தார். மறு ஆண்டு பிரௌன்-செக்கார் விலங்குகளின் அட்ரீனல் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவை விரைவில் மடிந்தன. ஆனால் காரணம் விளங்கவில்லை.

1880-களில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசல்களில் துடிக்க வைத்து ஆராய்ந்தார். கரைசலில் பொட்டாசியம் மிகுந்தபோது துடிப்பு நின்றுபோயிற்று!

இதயத்தின் மின்சாரத்தை அளக்கும் முயற்சியும் வளர்ந்து வந்தது. 1909-இல் அகஸ்டஸ் வாலர், ஜிம்மி என்னும் தம் புல்டாக் நாயை உப்பு நீரில் கால் வைத்து நிற்கச் செய்து, அதன் இதய மின்னோட்டத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். இது கொடுமையல்லவா என்று பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. வெறும் உப்பு நீர்தான் என்று அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று.

1953-இல் சிம்சன், டெய்ட், ரைக்ஸ்டைன் குழுவினர் அல்டோஸ்டிரோன் என்னும் அட்ரீனல் ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். சோடியத்தை உடலில் நிறுத்து, பொட்டாசியத்தை வெளியேற்று என்று சிறுநீரகத்துக்கு ஆணையிடுவது இதுவே.

இனி இயற்பியலைக் கவனியுங்கள். இதய உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. இந்த வேறுபாடே சுமார் 90 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தருகிறது. அடிசன் நோயுற்ற நாயின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் வேறுபாடு சுருங்கும், மின்னழுத்தம் தாழும், துடிப்பைத் தூண்டும் மின்னலை பரவுவது தடைப்படும்.

உடலில் நீர் வற்றி நாய் சோர்ந்து விழும்போது இதயம் விரைந்து துடிப்பதுதான் இயல்பு. இந்நோயிலோ அது மெதுவாகத் துடிக்கக்கூடும். மின்வரைபடத்தில் டி அலை கூர்ந்து உயரலாம். பி அலை மறைந்தே போகலாம். கால்நடை மருத்துவருக்கு இவை பெரிய துப்பு. இதயநோய் என்று மட்டும் கருதிக் காலம் கடத்தினால் உயிர் போய்விடும். உடனே சிரை வழியே உப்பு நீர் ஏற்றி, குறைந்த ஹார்மோன்களையும் ஈடு செய்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. பின்னர் வாழ்நாள் முழுதும் மருந்து தேவை.

அடிக்கடி வாந்தி எடுத்து, சோர்ந்து, தானே தேறி, மீண்டும் சோர்கிற நாய் உங்கள் வீட்டில் இருந்தால், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.