சீவாளியும் ஆச்சா மரமும்

திருமலையில் வாகனம் எழுந்தருளும்போது, மாடவீதிகள் நான்கிலும் அதற்கு முன்னே ஒலித்துச் செல்வது நாகசுரம். நாதசுரம் என்று இக்காலத்தில் பலரும் வழங்குகின்றனர். நாகசுரம் என்பதே பழைய பெயராதலின் நாம் அதனையே கொள்வோம். ஆந்திர நாட்டார் இதைச் சன்னாயி என்பர். மலையின் உயரம் சுமார் 2,800 அடி. மார்கழிப் பனியிலும் புரட்டாசித் தூற்றலிலும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டிய இக்கருவியை எவ்வாறு பேணிக் காக்கின்றனர் என்பதை அடியார் கூட்டத்தில் எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கருவியின் வரலாற்றில் ஒரு பகுதி அந்தப் பேணலிலேயே அடங்கியிருக்கிறது.

மேனாட்டில் இதற்கு உறவான கருவி பஸ்ஸூன். சுமார் எட்டடி நீளமுள்ள குழலை மடித்து நான்கு துண்டுகளாக அமைத்திருப்பர். 1831ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அல்மென்ரேடரும் ஹெக்கலும் கூடித் தொழிற்சாலை தொடங்கிய பின்னர் அது இன்றைய வடிவத்தை நோக்கி வளர்ந்தது. வாசித்து முடித்தவுடன் உள்ளே தேங்கிய ஈரத்தைத் துணியால் துடைத்தல், பொருத்துவாய்களுக்கு மசகிடல், வெயிலில் வைக்காதிருத்தல் ஆகியவை அதனைப் பேணும் முறைகள். இவற்றையெல்லாம் விட அதன் வாசகர் அல்லும் பகலும் கவலைப்படுவது வாயில் வைக்கும் நாணல் தகட்டைப் பற்றியே.

இத்தகைய குறிப்பொன்றை முன்னொரு நாள் தமிழாக்குங்கால் அத்தகட்டுக்கு ‘இரட்டை நாணல் நாக்கு’ என்று பெயரிட்டு மனநிறைவு கொண்டோம். திருப்பதியில் முதிய நாகசுரக்காரர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டியபோது, “சீவாளின்னு எழுதிட்டுப் போங்களேன் ஐயா, இதுக்கு எதுக்கு இவ்வளவு நீட்டம்?” என்று சிரித்தார். அலுவலக அகராதி நமக்கு அளிக்காத சொல் அவருடைய கருவியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சீவாளி செய்வதற்குரிய நாணல் தட்டை காவிரிக் கரையில் விளைவது. அதனை அறுத்து, நாட்பட உலர்த்தி, நெல்லோடு சேர்த்து அவித்துப் பதப்படுத்துதல் தஞ்சைப் பகுதியின் வழக்கம். பின்னர் வடிவமாக நறுக்கி, கெண்டை எனப்படும் சிறு உலோகக் குழலில் பொருந்துமாறு நூலால் கட்டுவர். வாயின் ஈரம் பட்டாலன்றி அது பேசாது. ஈரம் மிகுந்தாலோ குரல் தளர்ந்துவிடும். ஆதலால்தான் மாற்றுச் சீவாளிகளும், சீவாளியின் வாயைத் திறந்து சீர்செய்யும் தந்த ஊசியும் கயிற்றில் கோத்து நாகசுரத்திலேயே தொங்கவிடப்படுகின்றன. அவற்றை அழகுக்காகக் கட்டியவை என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

உலவு என்னும் உடற்பகுதிக்கு ஆச்சா மரம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்கள் புதிதாக வெட்டிய மரத்தை விரும்புவதில்லை. பழைய வீடுகளின் தூண்களிலும் உத்தரங்களிலும் பல்லாண்டு உலர்ந்த மரமே கடைசலுக்கு ஏற்றது. ஈரம் வற்றிய மரம் பின்னர் வெடிக்காது, முறுக்கிக்கொள்ளாது. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே உள்ள துளைகளில் மெழுகை அடைத்தும் குறைத்தும் சுருதியைச் சரிசெய்வர். ஆகவே மெழுகும் வாசகரின் பையில் இன்றியமையாத பொருள்.

முற்காலத்தில் வழங்கியது திமிரி என்னும் குட்டையான, உச்சச் சுருதியுடைய நாகசுரம். திறந்த வீதிக்கு அது பொருந்தியது. கச்சேரி மேடையில் நெடுநேரம் இராகம் விரிப்பதற்குத் தாழ்ந்த சுருதி வேண்டியதாயிற்று. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாகசுரத்தை, சுத்த மத்திமம் செவ்வனே ஒலிக்குமாறு, செய்தளித்தார். வித்துவானின் புகழை நாடறியும். மரத்தைக் கடைந்து துளையின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்த கைகளின் புகழும் அதற்குக் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

பாரி ஆந்திரத்திலும் பரவியது. பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சை வழியைக் கற்று, திருவரங்கத்தில் குடியேறினார். வாசிக்கும் பாணி வடக்கே செல்லுமிடத்தெல்லாம் அதற்குரிய மரமும் தட்டையும் உடன் செல்ல வேண்டும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பள்ளியில் நாகசுரமும் டோலு எனப்படும் தவிலும் கற்பிக்கின்றனர். மாணவன் இராகங்களை அங்கேயே கற்றுவிடலாம். கருவிக்கும் சீவாளிக்கும் அவன் காவிரிக் கரையையே நோக்கியாக வேண்டும்.

2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் கிடைத்தது நன்றே. ஆனால் இடிக்கப்படும் பழைய வீடுகள் முடிவில்லாதவை அல்ல. தொழிலைத் தொடரும் குடும்பங்களும் சிலவே.

முன்னர்க் கூறிய பெரியவர் விடைபெறுமுன் தம் சிறு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் ஏழெட்டுச் சீவாளிகள் இருந்தன. புதியவற்றை உடனே வீதிக்குக் கொண்டு செல்வதில்லையாம். சில நாள் வீட்டில் ஊதிப் பழக்குவாராம். தேய்ந்துபோன ஒன்றை மட்டும் தனியே துணியில் சுற்றி வைத்திருந்தார். “இது இனிமே பேசாது. ஆனா அடுத்ததைச் சீவும்போது அளவுக்கு இதைத்தான் பார்ப்பேன்” என்றார்.