தலைக்கு ஒரு ரூப்பியா

மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்களில் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைச் சிலர் பார்த்திருக்கலாம். 1945-இல் ஜப்பான் தோற்றதும் அங்கே அது வெறும் காகிதமாயிற்று. பக்கத்து ஜாவாவில் கதை வேறு. ஆகஸ்ட் 17 அன்று சுகர்ணோவும் ஹட்டாவும் சுதந்திரத்தை அறிவித்துவிட்டார்கள். கொடி இருந்தது, கீதம் இருந்தது. சொந்தக் காசு மட்டும் இல்லை. ஓராண்டுக்கு மேல் ஜப்பான் நோட்டை வைத்துக்கொண்டே குடியரசு காலம் தள்ளிற்று. திரும்பி வந்த டச்சுக்காரர்கள் 1946 மார்ச்சில் தங்கள் நோட்டை இறக்கினார்கள். ஜனங்கள் அதைச் 'சிவப்புப் பணம்' என்றார்கள். அதைக் கையால் தொடாதே என்றது குடியரசு.

இங்கே மார்கோனோ ஜோயோஹதிகுசுமோ என்ற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டச்சு ஆட்சியில் ஏழைகளுக்கான கடன் வசதி, கூட்டுறவு என்று உழைத்தவர். புதிய நாட்டுக்கு ஒரு வங்கி வேண்டும் என்று தலைவர்கள் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 1946 ஜனவரி 25 அன்று லெங்கோங் என்ற இடத்தில், ஜப்பானியரின் ஆயுதங்களை வாங்கப் போன ராணுவப் பள்ளி மாணவர்கள் சுடப்பட்டார்கள். இறந்தவர்களில் இருவர் மார்கோனோவின் பிள்ளைகள்: லெப்டினன்ட் சுபியாந்தோ, மாணவன் சுஜோனோ. ஜூலை 5 அன்று பாங்க் நெகாரா இந்தோனேசியா பிறந்தது. நடுவில் ஐந்து மாதம், பத்து நாள். அந்தத் தகப்பன் எப்படிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தார் என்பது என் கற்பனைக்கு எட்டவில்லை. கதை எழுதுகிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான்.

நோட்டு அடிப்பதும் லேசான காரியமாக இல்லை. ஜகார்த்தாவில் தொடங்கிய வேலையை டச்சுப் படைக்குப் பயந்து உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். தாமதத்தில் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. நோட்டில் இருந்த கையெழுத்து மராமிஸுடையது. அது வெளிவந்த நாளில் நிதி மந்திரி நாற்காலியில் இருந்தவரோ சாஃப்ருத்தீன் பிரவிரநெகாரா! 1946 அக்டோபர் 29 இரவு ஹட்டா வானொலியில் பேசினார். நள்ளிரவோடு ஜப்பான் பணம் செல்லாது. விடிந்தால் நம் பணம். ஜாவாவிலும் மதுரா தீவிலும் ஜப்பான் பணம் 50-க்கு ஒரு ரூப்பியா, மற்ற இடங்களில் 100-க்கு ஒன்று. பத்து ரூப்பியாவுக்கு ஐந்து கிராம் தங்கம் என்று சட்டம் சொல்லிற்று. சந்தைக்குப் போகிறவள் கையில் மறுநாள் ஏதாவது இருக்க வேண்டுமே? அதற்காகத் தலைக்கு ஒரு ரூப்பியா இனாம். குடிகளின் கையில் காசு வைத்த சர்க்கார்! எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தங்கம் சட்டத்தில்தான் இருந்தது. கடலை டச்சுக் கப்பல்கள் அடைத்தன. படைச் செலவுக்கு அச்சு யந்திரமே கதி. விலைகள் ஏறின. டச்சுக்காரர் வசமிருந்த ஊர்களில் குடியரசு நோட்டோடு அகப்பட்டால் ஆபத்து. 1947 ஜூலைத் தாக்குதலில் வழிகள் துண்டானதும், சுமத்ராவிலும் பிற இடங்களிலும் அவரவர் நோட்டை அவரவர் அடித்துக்கொண்டார்கள். 1948 டிசம்பரில் தலைநகர் யோக்யகர்த்தாவே வீழ்ந்தது.

1949-இல் ஹேக் நகரில் சமரசம் பேசியபோது, மத்திய வங்கியாக இருக்கும் உரிமை மார்கோனோவின் வங்கிக்குக் கிடைக்கவில்லை. 1828-இல் டச்சுக்காரர் தொடங்கிய ஜாவா வங்கிக்கே போயிற்று. 1951-இல் அதை நாட்டுடைமையாக்கி, 1953-இல் பாங்க் இந்தோனேசியா என்று பெயர் மாற்றி, சாஃப்ருத்தீனையே முதல் கவர்னராக உட்கார வைத்தார்கள். மார்கோனோவின் வங்கி வணிக வங்கியாக இன்றும் நடக்கிறது.

அந்த இனாம் ரூப்பியாவை 1950 வரை பத்திரமாக முடிந்து வைத்திருந்தவன் புது நோட்டுக்கு மாற்றப் போயிருந்தால், இன்னும் 124 கொண்டு வா என்றிருப்பார்கள்.