வரப்பு வைத்துத் தைத்த ஆடை

காஞ்சீபுரத்தில் பட்டுப் புடவை விற்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். பழைய பட்டுப் புடவையை விலைக்கு வாங்குகிறவர்களை அவ்வளவாகத் தெரியாது. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. ஆகையால் புடவையைக் கொளுத்தினால் பட்டு சாம்பலாகிவிடும், வெள்ளி மிஞ்சும். அந்த வெள்ளிக்குத்தான் விலை.

என் தாயாரின் கூறைப்புடவை அப்படித்தான் போயிற்று. அம்மா காலமான வருஷம், பெட்டியை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். உடலில் இரண்டு மூன்று இடங்களில் இற்றுப்போயிருந்தது. ஒரு மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த தங்கை, "அம்மா புடவை எங்கே, அண்ணா?" என்று கேட்டாள். நல்ல விலைக்குப் போயிற்று என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கிழிந்த துணிக்கு எதுதான் நல்ல கதி? இந்தக் கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. வேடிக்கை பாருங்கள், விடை காஞ்சியின் சரித்திரத்திலேயே இருந்தது. ஆனால் தறிகளின் பக்கத்தில் அல்ல; பிக்ஷுக்களின் பக்கத்தில்.

மணிமேகலையின் கதை வந்து முடிகிற ஊர் காஞ்சி. கி.பி. 640-ஐ ஒட்டி இங்கே வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் 10,000 பிக்ஷுக்களும் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் ஸ்தவிர மரபினர் என்றும் சொல்கிறார். அந்த மரபுக்குரிய பாலி மொழி விநய நூல்களில் துணியைப் பற்றி இருக்கிற விஷயங்களைப் படித்தால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் எழுதினார்களோ என்று தோன்றும்.

பிக்ஷுவுக்கு உடைமை மூன்று ஆடைகள். வெயிலில் நடப்பதும், மழையில் நனைவதும், மரத்தடியில் மடித்து விரித்துப் படுப்பதும் அவற்றோடுதான். குப்பை மேட்டிலும் சுடுகாட்டிலும் கிடக்கிற கந்தலைப் பொறுக்கி, துவைத்து, சாயம் ஏற்றித் தைத்துக்கொள்வது உயர்ந்த விரதம். தைக்கிற விதமும் அழகானது. மகத நாட்டு வயல்களைக் காட்டி, இதுபோல் ஆடை தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டாராம். அன்று முதல் துண்டுகள் வயல்களாகவும் தையல்கள் வரப்புகளாகவும் அமைந்தன. ஒட்டு வெட்கப்பட வேண்டிய சமாசாரமாக இல்லை. அதுவே ஆடையின் லட்சணமாகிவிட்டது.

ஆனந்தரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கௌசாம்பியில் உதயணனுடைய ராணிகள் அவருக்கு 500 மேலாடைகளைத் தானம் செய்துவிட்டார்கள். ராஜாவுக்குக் கோபம். இந்தச் சந்நியாசி ஜவுளிக்கடை வைக்கப் போகிறாரா என்று நேரே போய்க் கேட்டுவிட்டான். ஆடை நைந்துபோன பிக்ஷுக்களுக்குப் பங்கிடுவேன் என்றார் ஆனந்தர். அந்த நைந்த ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். பழைய உறை தரை விரிப்பாகும். அது கிழிந்தால் கால் துடைக்க. அதுவும் போனால் தூசி தட்ட. கடைசியில் துணுக்குகளாக்கி, மண்ணோடு பிசைந்து, தரை மெழுகுவோம் என்றார். ராஜா மனம் குளிர்ந்து இன்னும் 500 ஆடைகள் கொடுத்தானாம்.

இந்தப் படிக்கட்டு நமக்குப் புதிதா? கூறைப்புடவை பண்டிகைப் புடவையாகும். பிறகு பெண் குழந்தைக்குப் பாவாடையாகும். மிஞ்சியது தலையணை உறையாகும். நூல்புடவை என்றால் தூளியாகி, கரித்துணியாகும். காஞ்சிப் புடவைக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. கோர்வைப் புடவையில் கரையை வேறு நிறத்தில் நெய்து, உடலோடு இழைக்கு இழை கோத்துவிடுகிறார்கள். முந்தானையின் நிறம் மாறுகிற இடத்தில் புதுப் பாவிழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். உடல் இற்றுப்போன பிறகும் கரை திடமாக இருக்கும். அதைப் பிரித்து வேறு புடவையில் தைத்துக்கொண்டால் இன்னொரு தலைமுறை கட்டலாம்.

பழைய ஜரிகையை உருக்குவதும் ஒருவகை மறுபிறவிதான். அதை நான் குறை சொல்லவில்லை. கஷ்டகாலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் புடவை வெள்ளிதான் அரிசி வாங்கித் தந்திருக்கிறது. ஆனால் எனக்கு அன்று அப்படி ஒரு கஷ்டமும் இல்லை. உருக்குவது கடைசிப் படி. நான் முதல் படியிலிருந்து ஒரே தாண்டாக அங்கே குதித்துவிட்டேன்.

அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. அரக்கு உடலில் பச்சைக் கரை போட்ட புடவை என்பது மட்டும் மறக்கவில்லை. தங்கையின் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. ஒரு பாவாடைக்குத் தாராளமாகக் கண்டிருக்கும்.