நுரையீரல் இரத்த அழுத்தம்: எக்கோ எதைச் சொல்லும்?

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்று வீட்டில் அம்மா சொன்னால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் சரியாகவே இருக்கும். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் அழுத்தத்தை அந்தப் பட்டை காட்டாது. அது கூடிக்கொண்டே போனால் வலது இதயம் தளர்ந்துவிடும். பெரும்பாலும் அதை முதலில் காட்டிக்கொடுப்பது எக்கோதான்.

எக்கோ என்பது ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். கதிர்வீச்சு கிடையாது. அழுத்தத்தை அது நேரடியாக அளப்பதில்லை. வலப்பக்க மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறது. வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால், மூன்றை மூன்றால் பெருக்கி, மீண்டும் 4ஆல் பெருக்க 36. வலது மேலறையின் அழுத்தம் 5 என்று சேர்த்தால் 41. ரிப்போர்ட்டில் 'ஆர்.வி.எஸ்.பி.' என்று இருப்பது இந்த எண்தான்.

வேகம் 3.4-ஐத் தாண்டினால் நோய்க்கான வாய்ப்பு அதிகம். 2.8-க்குள் இருந்து வேறு அறிகுறியும் தெரியாவிட்டால் குறைவு. ஆனால் சிலருக்குக் கசிவே இருக்காது, எண்ணும் கிடைக்காது. அதனால் நோய் இல்லை என்றாகிவிடாது. வலது அறை பெருத்திருக்கிறதா, நடுச்சுவர் தட்டையாகிவிட்டதா என்றும் டாக்டர் பார்ப்பார். நோயை உறுதி செய்ய வேண்டிய இடத்தில் இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளக்கிறார்கள். அதில் சராசரி அழுத்தம் 20-க்கு மேல் இருந்தால் நோய் என்பது 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல்.

காரணம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துக் கேரளாவில் 50 மருத்துவமனைகள் சேர்ந்து 2,003 நோயாளிகளைப் பதிவு செய்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடது இதயக் கோளாறே காரணமாக இருந்தது. கோவை, திருப்பூர் பக்கம் மில்லில் பல வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களும், விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களும் மூச்சிரைப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்தவர்கள், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ளவர்களும் அப்படியே. இந்த நோயோடு கருத்தரிப்பது தாயின் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு நிக்காஹ்வுக்கு முன்பே எக்கோ எடுத்துவிடுவது நல்லது.

நம் பெண்கள் தள்ளிப்போடுவதற்கு நமக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு: இடப்பக்கம் சாய்ந்து படுத்து, நெஞ்சுப் பகுதியைத் திறக்க வேண்டும். பெண் டெக்னீஷியன் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்கலாம். மேலே போர்த்திக்கொள்ளத் துணி கேட்கலாம், உறவுப் பெண் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். பெண் கிடைக்காவிட்டாலும் சிகிச்சையின் அவசியத்துக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு.

நோய் இருப்பது தெரிந்தவர்கள் ஊட்டிக்குப் போவதற்கு முன்பும், ஹஜ், உம்ராவுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உயரமான இடத்திலும் விமானத்திலும் ஆக்ஸிஜன் குறைவதால் இந்த அழுத்தம் கூடும். போகும்போது பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.