'இதல்கோ' – ஒரு ஸ்பானியத் தொகைச்சொல்லின் வரலாறு

சொற்கள் வழக்கில் தேய்ந்து உருமாறுவதை நம் இலக்கண நூலார் மரூஉ என்பர். 'அருமருந்தன்ன' என்பது 'அருமந்த' என்றானதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஸ்பானிய மொழியில் அவ்வாறு தேய்ந்த சொல்லொன்று, வரி கொடுப்பவர் யார், கொடாதவர் யார் என்னும் வழக்குகளுக்கே பொருளாயிற்று. அதுவே 'இதல்கோ'. நேர்வரியினின்றும் விலக்குப் பெற்ற சிறுகுடிப் பிரபுவுக்கு அது பெயர். 1605இல் செர்வாந்தேஸ் படைத்த தொன் கிஹோத்தேயும் ஓர் இதல்கோவே.

இதன் பழைய வடிவம் 'ஃபிஜோ தே அல்கோ'. 'ஃபிஜோ' என்றால் மகன். 'தே' என்பது உடைய என்னும் பொருள் தரும் இடைச்சொல். 'அல்கோ' இன்று 'ஏதோ ஒன்று' எனப் பொருள்படினும், அன்று உடைமையையும் குறித்தது. எனவே, பொருளுடையான் மகன். 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்போன்சோ மன்னன் தொகுப்பித்த 'ஏழு பகுதிகள்' என்னும் சட்டநூலும் இதற்கு 'நலத்தின் மக்கள்' என்றே பொருள் கூறும்.

இனி அசையைப் பிரித்துப் பார்ப்போம். 'தே'யின் ஈற்றுயிர் அகரத்தின் முன் கெட, 'ஃபி-ஜோ-தல்-கோ' என நான்கு அசைகளாயின. 'ஃபிஜோ' தனித்து நிற்கையில் அழுத்தம் 'ஃபி'யின்மேல் விழும். தொகையிலோ அழுத்தம் 'தல்' என்பதற்குச் சென்றுவிட்டது. அழுத்தமிழந்த 'ஜோ' நிலைக்கவில்லை. உதிர்ந்து 'ஃபிதல்கோ' ஆயிற்று. பின்னர் ஃபகர ஒலி ஹகரமாக மெலிந்து, அதுவும் வாயினின்று மறைந்தது. எழுத்தில் மட்டும் இன்றும் நிற்கிறது. உயிரீற்றுச் சொல்லுக்கு ஈற்றயலசையில் அழுத்தம் வருதல் ஸ்பானிய மொழியின் இயல்பு. ஆதலின் 'இ-தல்-கோ' என்பதற்கு அழுத்தக்குறி இடுவதில்லை. போர்ச்சுகீசியர் ஃபகரத்தைக் கைவிடவில்லை. 1511இல் நம் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புக்கெர்க்கே அவர்களுள் ஒரு 'ஃபிதல்கு'.

இரு சொற்கள் முற்றும் ஒன்றாகிவிட்டன என்பதற்கு என்ன சான்று? பன்மையே சான்று என்பேன். முன்னாளில் பன்மை விகுதியான ஸகரம் சொல்லின் நடுவே, மகன் என்னும் உறுப்பைச் சார்ந்து, 'ஃபிஜோஸ்தல்கோ' என நின்றது. பின்னாளில் அது ஈற்றுக்குப் பெயர்ந்து 'இதல்கோஸ்' ஆயிற்று. பேசுவோர் உள்ளத்தில் மகனும் உடைமையும் வேறு வேறாக இருந்திருப்பின் விகுதி இடம் பெயர்ந்திராது.

ஆயினும் நீதிமன்ற எழுத்தர் இதற்கு எளிதில் இசையவில்லை. வாயாதோலித், கிரானாதா ஆகிய நகரங்களின் உயர்மன்றங்களில் இவ்வழக்குகளைக் கேட்ட பிரிவு, 'இஹோஸ்தல்கோ' என்னும் விரிந்த பன்மையையே பெயராகத் தாங்கியிருந்தது. அங்கே விலக்குக் கோரியவன் தன் தந்தையும் பாட்டனும் வரி கொடாதவர் என்று சாட்சிகளை நிறுத்த வேண்டும். உடைமை என்னும் உறுப்புக்கு ஏதும் காட்ட இயலாத வறிய இதல்கோக்கள் பலர், நாவில் தேய்ந்துபோன அந்த 'மகன்' என்னும் உறுப்பைக் கொண்டே வழக்கில் வென்றனர்.