அலபாமாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள்

அலபாமாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் என்பன ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கூட்டாட்சிச் சட்டங்கள் தொடர்பான வழக்குகளை முதலில் விசாரிக்கும் நீதிமன்றங்கள் ஆகும். இவை வடக்கு, நடு, தெற்கு என மூன்று மாவட்டங்களாக அமைந்துள்ளன. இங்கு மாவட்டம் என்பது நீதிமன்றத்தின் ஆள்புல எல்லையைக் குறிக்கும்; மாநிலத்தின் ஆட்சி அலகு கவுண்டி எனப்படும். அமெரிக்க அரசியலமைப்பின்படி கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றங்களை அமைக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது.

தோற்றமும் பிரிவினையும்

அலபாமா 1819 டிசம்பர் 14 அன்று மாநிலமானது. 1820 ஏப்ரல் 21 அன்று காங்கிரசு மாநிலம் முழுவதையும் ஒரே மாவட்டமாக்கி, ஒரு நீதிபதி பதவியை உருவாக்கியது. சார்லஸ் டெய்ட் முதல் நீதிபதியானார். 1824இல் வடக்கு, தெற்கு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. 1839இல் நடு மாவட்டம் சேர்க்கப்பட்டது. ஆயினும் புதிய நீதிபதி பதவி உருவாக்கப்படவில்லை. ஒரே நீதிபதியே மூன்று மாவட்டங்களுக்கும் பொறுப்பு வகித்தார்.

உள்நாட்டுப் போர்க் காலம்

1861 ஜனவரியில் அலபாமா ஒன்றியத்திலிருந்து விலகியபோது நீதிபதி வில்லியம் கைல்ஸ் ஜோன்ஸ் பதவி துறந்து, பின்னர் பிரிந்த மாநிலங்களின் கூட்டமைப்பில் நீதிபதியானார். ஆபிரகாம் லிங்கன் நியமித்த ஜார்ஜ் லேன், போர் காரணமாக அங்கு நீதிமன்றம் நடத்த இயலாமலே 1863இல் இறந்தார்.

தனி நீதிபதிகள்

1886ஆம் ஆண்டுச் சட்டம் தெற்கு மாவட்டத்திற்குத் தனி நீதிபதியை அளித்தது. வடக்கு, நடு மாவட்டங்கள் ஒரே நீதிபதியின் கீழ்த் தொடர்ந்தன. 1907இல் வடக்கு மாவட்டத்திற்கெனத் தனிப் பதவி உருவானது. பொது நீதிபதியின் பதவி நடு மாவட்டத்திற்கு மட்டும் உரியதானது 1936இல்தான்.

குடியுரிமை வழக்குகள்

மான்ட்கொமரி நகரில் அமர்ந்த நடு மாவட்ட நீதிமன்றம் பின்னர் நாடறிந்ததாயிற்று. 1956 ஜூனில் பிரவுடர் எதிர் கேல் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, பேருந்துகளில் இனவாரியாக இருக்கைகளைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என 2-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது.

செல்மா நகரம் தெற்கு மாவட்டத்தைச் சார்ந்தது. எனினும் அங்கிருந்து மான்ட்கொமரி செல்லும் வாக்குரிமை நடைபயணம் குறித்த வழக்கு நடு மாவட்டத்தில் தொடரப்பட்டது. 1965 மார்ச் 17 அன்று நீதிபதி பிராங்க் ஜான்சன் நடைபயணத்தை அனுமதித்தார். நான்கு நாட்களுக்குப் பின் அது தொடங்கியது.

இன்றைய அமைப்பு

மாநிலத்தின் 67 கவுண்டிகளில் வடக்கு மாவட்டத்தில் 31, நடு மாவட்டத்தில் 23, தெற்கு மாவட்டத்தில் 13 அடங்கும். பர்மிங்காம், மான்ட்கொமரி, மொபீல் ஆகியன முறையே இவற்றின் முதன்மை நகரங்களாகும். முன்னர் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் இருந்த இவை, 1981 அக்டோபர் முதல் பதினொன்றாம் சுற்றின் கீழ் வருகின்றன.