படம் மாட்ட ஒரு சுவர்: மெட்ராஸ் ஓவியர்களும் மூடிக்கிடந்த கேலரியும்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். மெட்ராஸ் ஓவிய இயக்கம்னு பேச்சு வந்தாலே முதல்ல வர்ற பேர் கே.சி.எஸ். பணிக்கர். 1911ல கோயம்புத்தூர்ல பிறந்தவர். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சு, அங்கேயே வாத்தியாராகி, 1957ல இருந்து 1967 வரை முதல்வரா இருந்தவர். 1977ல இந்த ஊர்லயே இறந்தார். அவர் படங்களுக்குன்னே ஒரு அரசு கேலரி இருக்கு. எந்த ஊர்ல?

திருவனந்தபுரத்துல. 60க்கும் மேற்பட்ட படங்களை அவரே கேரளாவுக்குக் கொடுத்தார். 1979ல அங்க மியூசியம் வளாகத்துல அவர் பேர்ல கேலரி திறந்தாங்க. குடும்ப வேர் கேரளா. படங்களுக்குள்ள அவர் எழுதினதும் மலையாள எழுத்து. அதனால அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. நான் கேக்குறது வேற: அவர் வேலை செஞ்ச ஊர்ல, அவரும் அவர் மாணவர்களும் வரைஞ்சதை மாட்ட ஒரு பொதுச் சுவர் இருந்துச்சா?

இதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். இப்போ பெரியமேடு பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரியா இருக்கிற இடத்தோட கதை 1850ல தொடங்குது. அலெக்சாண்டர் ஹன்ட்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச பள்ளி. நோக்கம் ஓவியர்களை உருவாக்குறது இல்லை, கைவினைஞர்களை உருவாக்குறது. மண்பாண்டம், மர வேலை, உலோக வேலை, இப்படி. நம்ம வீட்டு அலுமினியப் பாத்திரம் இருக்கே, இந்தியாவுல அதைச் செய்யுற தொழிலுக்கு 1890களோட கடைசியில ஆல்ஃபிரட் சாட்டர்டன் பிள்ளையார் சுழி போட்டது இந்த ஓவியப் பள்ளிக்குள்ளதான். வரலாற்றுல இந்த மாதிரி மூலைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1929ல தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வர்றார். அந்தப் பள்ளியோட முதல் இந்தியத் தலைவர். மெரினாவுல உழைப்பாளர் சிலை முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்களே, அது அவர் செஞ்சது. கல்லூரி வாட்ச்மேன் ஒருத்தரை மாடலா நிக்க வச்சு செஞ்சார்னு சொல்லுவாங்க. அவர் காலத்துல பள்ளிக்குள்ள ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்துச்சு. 1954ல டெல்லியில லலித் கலா அகாடமி தொடங்கினப்போ அதுக்கு முதல் தலைவரும் அவர்தான். ஆக மெட்ராஸ் ஆட்களுக்கு மரியாதை இல்லாம போகலை. இங்க இல்லாதது வாங்குற ஆள். பம்பாய்ல, டெல்லியில ஓவியத்துக்கு ஒரு சந்தை மெல்ல முளைச்சுக்கிட்டு இருந்தப்போ, இங்க படிப்பு முடிச்ச பையனுக்கு முன்னாடி இருந்தது ரெண்டே வழி. டிராயிங் மாஸ்டர் வேலை, இல்லைன்னா விளம்பரக் கம்பெனி.

பணிக்கர் 1944லயே முற்போக்கு ஓவியர் சங்கம் ஆரம்பிச்சிருந்தார். கண்காட்சிகள் நடத்தினாங்க, ஆர்ட்ரெண்ட்ஸ்னு ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தாங்க. ஆனா பத்திரிகை சோறு போடாது. அப்போதான் அந்தப் பழைய கைவினைப் பாடம் கைகொடுக்குது. மெழுகால கோலம் போட்டு, துணியைச் சாயத்துல முக்கி எடுக்குற பாடிக் வேலையை எடுத்தாங்க. பாடிக் வித்துச்சு. வித்த காசுல கடற்கரை ஓரமா ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கினாங்க. 1966ல சோழமண்டல் ஓவியர் கிராமம் அங்க எழும்புது. இன்னைக்கு ஈ.சி.ஆர்.ல காபி ஷாப் வரிசையைப் பாக்குறவங்களுக்கு நம்பக் கஷ்டமா இருக்கும்: அப்போ அங்க மணலும் சவுக்கும்தான், கரண்ட் கிடையாது. முதல்ல போட்டது குடிசைகள். காலையில பாடிக், மீதி நேரம் சொந்த ஓவியம்.

இதை நிறைய பேர் ஒரு ரொமாண்டிக் கதையா சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலை. அரசோ பணக்காரர்களோ ஒரு சுவர் கொடுக்காதப்போ, ஓவியர்கள் துணி வித்து சுவர் கட்டிக்கிட்டாங்க. அதுல பெருமை இருக்கு, கூடவே ஒரு ஊரோட அலட்சியமும் இருக்கு.

அந்தக் கைவினைப் பாடம் வருமானத்தோட நிக்கலை, கலைக்குள்ளயும் வந்துச்சு. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி சிற்பம் செஞ்சார். கோயில்ல சாமிக்குச் சாத்துற கவசம் ஞாபகம் வரும். பணிக்கரோட மகன் எஸ். நந்தகோபாலும் உலோகத்தைத்தான் கையில எடுத்தார். பணிக்கர் 1963 வாக்குல தொடங்கின ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில ஜாதகக் கட்டம், கணக்கு, எழுத்து எல்லாம் இருக்கும், ஆனா வாசிக்க முடியாது. வாசிக்கிறதுக்கு எழுதினதும் இல்லை. கே. ராமானுஜம்னு ஒருத்தர், தொப்பி போட்ட ஒரு மனுஷனை, அதாவது தன்னையே, மாளிகைகளும் பறக்கிற ஜந்துக்களும் நிறைஞ்ச ஒரு உலகத்துக்குள்ள வரைஞ்சுக்கிட்டே இருந்தார். 1973ல, முப்பது வயசு கொஞ்சம் தாண்டினப்போ தற்கொலை பண்ணிக்கிட்டார். அந்தக் கோடுகளைப் பாத்தா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, அரசு கேலரிக்கு வருவோம். எழும்பூர் மியூசியம், நம்ம பாட்டன் காலத்து மெட்ராஸ் பாஷையில ‘செத்த காலேஜ்’. அந்த வளாகத்துல ஒரு சிவப்புக் கட்டடம் இருக்கு. ஹென்றி இர்வின் வடிவமைச்சு, நம்பெருமாள் செட்டி கட்டி, 1909ல விக்டோரியா நினைவு மண்டபமா திறந்தது. 1951ல நேரு அதை தேசிய கலைக்கூடமா திறந்து வச்சார். ரவி வர்மா படங்களைப் பாக்க ஜனம் அங்கதான் போச்சு. 2002ல கட்டடம் பலவீனமா இருக்குன்னு மூடினாங்க. மூடினது வருஷக்கணக்கா மூடியே கிடந்துச்சு. ஒரு பிள்ளை ஸ்கூல்ல சேர்ந்து காலேஜ் முடிக்கிற அளவு காலம். தற்காலக் கலைக்குன்னு அதே வளாகத்துல 1980கள்ல வந்த தனிக் கட்டடம் இருக்கு. ஆனா ஸ்கூல் பஸ்ல வர்ற கூட்டம் திமிங்கல எலும்புக்கூட்டையும் வெண்கலச் சிலைகளையும் பாத்துட்டுக் கிளம்பிடும்.

இன்னொண்ணு கிரீம்ஸ் ரோடு. அப்போலோ ஆஸ்பத்திரி இருக்கிற ரோடுன்னாதான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். லலித் கலா அகாடமியோட மண்டல மையம் அங்க 1978ல வந்துச்சு. கேலரி மட்டுமில்லை, சிற்பம், பீங்கான், அச்சோவியம் எல்லாத்துக்கும் ஸ்டூடியோ உண்டு. ஒரு லித்தோ மெஷினையோ சூளையையோ சொந்தமா வாங்க முடியாத இளம் கலைஞருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பொது கேலரி படம் மாட்டுறதோட நிக்காம படம் உண்டாக்கவும் இடம் கொடுத்தா என்ன ஆகும்கிறதுக்கு இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் இதுதான். ஆனா அந்தப் பெயரைக் கவனிங்க, ‘மண்டல’ மையம். டெல்லியில இருந்து பாத்தா மெட்ராஸ் ஒரு மண்டலம். பம்பாய் ஓவியர்கள் பண்ணினா ‘இந்திய நவீனக் கலை’, இங்க பண்ணினா ‘தென்னிந்தியப் பாணி’. ரொம்ப நாள் புத்தகங்கள்ல அப்படித்தான் ஓடிச்சு.

கண்காட்சிக்கே போகாத தமிழ் வாசகர்களும் இந்த ஓவியர்களைப் பாத்திருக்காங்க. எங்க? பத்திரிகையில. கே.எம். ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியை நூறு விதமா வரைஞ்சவர், சிறுபத்திரிகை அட்டைகளுக்கும் கதைகளுக்கும் கோட்டோவியம் போட்டார், தலைப்புகளுக்குக் கையால எழுத்து வடிவம் பண்ணினார். கி. ராஜநாராயணன் எழுத்துக்கு அவர் போட்ட கோடுகள் வழியா கரிசல் மண் வீடுவீடா போச்சு. டீக்கடை பெஞ்சுல மடிச்சுக் கிடந்த அந்தப் பக்கம், சுவர் இல்லாத ஊருக்குக் கிடைச்ச சுவர்னு நான் நினைக்கிறேன்.

2009ல சோழமண்டல் தன் வளாகத்துக்குள்ளயே மெட்ராஸ் இயக்கத்துக்குன்னு ஒரு மியூசியம் திறந்துச்சு. பணிக்கர், ராமானுஜம், ஜானகிராம் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ பாக்கலாம். இதுவும் ஓவியர்களே கட்டினதுதான். மகாபலிபுரம் போற வழியில அரை மணி நேரம் இறங்குங்க. எழும்பூர் போறதா இருந்தா வெள்ளிக்கிழமை வேண்டாம், லீவு. மத்த நாள்ல போய், வெண்கலக் கூடத்தைப் பாத்து முடிச்சதும் தற்காலக் கலைக் கட்டடம் எங்கன்னு கேளுங்க. காவலுக்கு இருக்கிறவர் வழி காட்டுவார், பெரும்பாலும் நீங்க மட்டும்தான் உள்ள இருப்பீங்க.